எந்த நூறு?

(ஆயக்குடியில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்திற்கு வருமுன் நண்பர் ஒருவர் என்னை எச்சரித்தார். "மேடை ஏறிக் கணக்குப் பாடம் நடத்தப் போகிறீராமே! பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்" என்றார். நான் அவரைக் கேட்டேன்: "பாதிப்பேர் என்றால் எத்தனை பேர், ஐயா?" அவர் விழித்தார். "கூட்டமே இன்னும் கூடவில்லையே, எத்தனை என்று எப்படிச் சொல்லுவேன்?" என்றார். "அதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்" என்றேன். முழுமை எது என்று தெரியாதவரையில் பாதி என்ற சொல்லுக்குப் பொருளில்லை. நூறு எது என்று தெரியாதவரையில், நூற்றுக்கு ஐம்பது என்ற சொல்லுக்கும் பொருளில்லை. ஆனால் நாள்தோறும் நம் காதில் விழுவது என்ன? நூற்றுக்கு இத்தனை கூட்டினோம், நூற்றுக்கு இத்தனை குறைத்தோம் என்ற முழக்கம். எந்த நூற்றுக்கு என்று கேட்பார் இல்லை. கேளாததால் சொல்வாரும் இல்லை.

இதைப் பேசுதற்கு ஆயக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. முதற்காரணம், கொய்யா. பழனி மலையடிவாரத்துத் தோட்டங்களிலே பறிக்கப்படும் கொய்யா, இவ்வூர்ச் சந்தையில் பெட்டி பெட்டியாகக் கைமாறுகிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் எப்படிப்பட்டவை என்பதை ஏட்டைப் புரட்டி அறியவேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. இரண்டாவது காரணம், மரத்தடி. அரசுப் பணித் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் மரத்தடியிலே கூடி, கட்டணமின்றிப் பயிலும் மையத்தால், இவ்வூர்ப் பெயர் பல மாவட்டங்களிலும் அறியப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்வுகளிலே விழுக்காட்டுக் கணக்கு உண்டு. இளைஞனுக்கு அது மதிப்பெண். அவன் தந்தைக்கோ அது கொய்யா விலை. தாய்க்கு அது வட்டி. அவன் வாழும் மாநிலத்துக்கு அது வரிப்பங்கு. ஆகவே இது தேர்வு எழுதுவோர் மட்டும் கற்க வேண்டிய பாடமன்று. வாக்களிப்போர் அனைவரும் கற்க வேண்டிய பாடம்.

கொய்யாவிலேயே தொடங்குவோம். பேச்சுக்காக, ஒரு பெட்டி 1000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்து மிகுந்தது, விலை நூற்றுக்கு ஐம்பது வீழ்ந்தது. பெட்டி 500 ரூபாய். சில நாட்கள் கழித்து வரத்துக் குறைந்தது. விலை நூற்றுக்கு ஐம்பது ஏறியது. "இறங்கியதும் ஐம்பது, ஏறியதும் ஐம்பது; சரியாகப் போயிற்று" என்று சொல்வார் உண்டு. உழவர் மடியைத் தொட்டுப் பார்க்கிறார். 1000 ரூபாய் இல்லை. 750 ரூபாய்தான் இருக்கிறது. மிச்சம் 250 ரூபாய் எங்கே போயிற்று? எவரும் களவாடவில்லை. இறங்கும்போது நூறு என்று கொள்ளப்பட்டது 1000 ரூபாய். ஏறும்போது நூறு என்று கொள்ளப்பட்டது 500 ரூபாய். ஐம்பது என்ற சொல் ஒன்றுதான். அது நின்ற அடித்தளம் வேறு.

"முதலில் ஏறி, பிறகு இறங்கியிருந்தால் பிழைத்திருப்போமே" என்று எண்ணுகிறீர்களா? அதையும் பார்த்துவிடுவோம். 1000 ரூபாய் ஐம்பது விழுக்காடு ஏறினால் 1500. அதிலிருந்து ஐம்பது விழுக்காடு இறங்கினால் அதே 750. வழி மாறினாலும் போய்ச் சேரும் இடம் மாறவில்லை. வீழ்ந்ததை முழுவதும் மீட்கவேண்டுமானால், வீழ்ந்த அளவு எண் போதாது. நூற்றுக்கு இருபது வீழ்ந்தால், இருபத்தைந்து ஏறினால்தான் பழைய இடம். நூற்றுக்கு ஐம்பது வீழ்ந்தால், நூறு ஏற வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து வீழ்ந்தால், முந்நூறு ஏற வேண்டும். விழுகிறபோது மலை உயரத்திலிருந்து அளக்கிறோம். எழுகிறபோது பள்ளத்திலிருந்து அளக்கிறோம். "சென்ற ஆண்டு முப்பது விழுக்காடு சரிந்த தொழில் இந்த ஆண்டு முப்பது விழுக்காடு வளர்ந்துவிட்டது" என்று எவரேனும் மார்தட்டினால், நூறாக இருந்தது இன்னும் தொண்ணூற்றொன்றாகத்தான் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனித் தாய்மார்கள் அறிந்த கணக்குக்கு வருகிறேன். நம் ஊர்களில் வட்டியை எப்படிச் சொல்கிறோம்? "இரண்டு ரூபாய் வட்டி", "மூன்று ரூபாய் வட்டி" என்கிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மாதம் மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்து வந்தவர் ஒருநாள் சொல்கிறார்: "இனி மூன்று ரூபாய், ஒரு ரூபாய்தானே கூட!" ஒரு ரூபாய்தானே! கேட்கச் சிறிது. ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய் கடன் பட்டவர் மாதம் 1000 ரூபாய் கட்டிவந்தார். இனி 1500 கட்ட வேண்டும். வட்டிச் சுமை ஏறியது நூற்றுக்கு ஒன்றா? இல்லை, நூற்றுக்கு ஐம்பது! ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இருபத்துநான்கு விழுக்காடாக இருந்த வட்டி, முப்பத்தாறு விழுக்காடாகிவிட்டது. கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வழக்குமன்றத்தில் காக்கும். ஆனால் "ஒரு ரூபாய்தானே" என்ற சொல்லிலிருந்து நம்மைக் காக்க நம் கணக்கறிவைத் தவிர வேறு காவல் இல்லை.

இங்கேதான் இரண்டு சொற்களை நாம் பிரித்தறிய வேண்டும். இரண்டு மூன்றாவது, ஒரு புள்ளி உயர்வு. அதே மாற்றத்தை இரண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஐம்பது விழுக்காடு உயர்வு. முன்னதை விழுக்காட்டுப் புள்ளி என்று சொல்லுவோம். பின்னதை விழுக்காடு என்று சொல்லுவோம். இரண்டும் உண்மை. ஆனால் சிறிதாகக் காட்ட விரும்புகிறவர் புள்ளியைக் காட்டுகிறார். பெரிதாகக் காட்ட விரும்புகிறவர் விழுக்காட்டைக் காட்டுகிறார். பொய் சொல்லாமலே மறைக்கும் கலை இது.

வரலாற்றிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1952ஆம் ஆண்டிலே தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விளைச்சலில் உழவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது நூற்றுக்கு நாற்பதாவது கிடைத்தாக வேண்டும் என்றது அது. 1956ஆம் ஆண்டிலே நியாய வாரச் சட்டம் வந்தது. நன்செய் நிலத்தில் நிலக்காரர் பெறும் வாரம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்றது. அப்படியானால் உழவனுக்கு அறுபது. நாற்பது அறுபதாயிற்று. "இருபது கூடியது" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் நாற்பது மூட்டை அளந்துகொண்ட உழவன் வீட்டுக் குதிருக்கு அறுபது மூட்டை வந்தால், அவன் வரவு ஐம்பது விழுக்காடு உயர்ந்தது. அறுபது மூட்டை அளந்துகொண்ட நிலக்காரருக்கு நாற்பது மூட்டை வந்தால், அவர் வரவு ஐம்பது விழுக்காடு குறைந்ததா? இல்லை, மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. மாறியது அதே இருபது மூட்டை. ஏழைக்கு அது பாதிக்குப் பாதி ஏற்றம். செல்வருக்கு அது மூன்றில் ஒன்று இறக்கம். சட்டம் ஏட்டில் இருந்ததா, களத்துமேட்டில் நடந்ததா என்பது தனி வழக்கு. ஆனால் ஒரே இருபது, எவர் கையில் விழுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு பொருள் பெறுகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாற்றப்பட்டன. சிமெண்டுக்கு இருந்த 28 விழுக்காட்டு வரி 18 ஆயிற்று. "பத்து விழுக்காடு குறைந்துவிட்டது" என்று எங்கும் பேச்சு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர் கடைக்குப் போகிறார். வரி சேராத விலை மூட்டை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரியோடு 384 ரூபாய். பத்து விழுக்காடு குறையும் என்று நம்பியவர், 38 ரூபாய் 40 காசு குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். கடைக்காரர் 354 ரூபாய் கேட்கிறார். குறைந்தது 30 ரூபாய். "மிச்சத்தை நீர் விழுங்கிவிட்டீர்" என்று கடைக்காரரோடு சண்டை! தோழர்களே, கடைக்காரர் சொன்னது சரி. பத்து என்பது வரி சேராத விலையில் பத்து. நாம் கொடுத்துவந்ததோ வரி சேர்ந்த விலை. 384 ரூபாயில் 30 ரூபாய் என்பது நூற்றுக்கு எட்டுக்கும் சற்றுக் குறைவு. அதே நாளில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு வந்த பண்டங்களில், கடைவிலை குறைய வேண்டியது ஏழு விழுக்காடு அல்ல; ஆறேகால் விழுக்காடு.

இந்த ஒரே மாற்றத்தை மூன்று வகையாகச் சொல்லலாம் என்பதைக் கவனியுங்கள். வரி விகிதம் பத்துப் புள்ளி குறைந்தது என்பது ஒன்று. வரித்தொகை நூற்றுக்கு முப்பத்தாறு அளவு குறைந்தது என்பது மற்றொன்று. விலை நூற்றுக்கு எட்டுக்குள் குறைந்தது என்பது மூன்றாவது. மூன்றும் மெய். விளம்பரம் எழுதுபவர் முப்பத்தாறைத் தேடி எடுப்பார். வீட்டுக்குச் சாமான் வாங்குபவருக்கு வேண்டியது மூன்றாவது. அதைத் தெரிந்துகொண்டால் நேர்மையான வணிகரோடு வீண் சண்டை இராது. குறைப்பைத் தமக்கென்று வைத்துக்கொண்ட வணிகரைத் தட்டிக் கேட்கவும் முடியும். கணக்குத் தெரியாதவன் நல்லவனைத் திட்டுவான், கெட்டவனை நம்புவான்.

அடுத்து, விலைவாசி. "விலைவாசி உயர்வு விகிதம் குறைந்துவிட்டது" என்ற அறிவிப்பு அவ்வப்போது வரும். கேட்ட தாய்மார் கடைக்குப் போய்ப் பார்த்தால் விலை குறைந்திருக்காது. "பொய் சொல்கிறார்கள்" என்று கோபம் வரும். பொய்யில்லை, அம்மா; சொல்லும் பொருளும் வேறு. 2022 ஏப்ரலில் நாட்டின் சில்லறை விலைவாசி, ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 7.79 விழுக்காடு கூடியிருந்தது. 2023 ஏப்ரலில் அந்த விகிதம் 4.7 ஆகக் குறைந்தது. அப்படியானால் விலை குறைந்ததா? 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான், 2022இல் ஏறத்தாழ 108 ரூபாய். 2023இல் ஏறத்தாழ 113 ரூபாய். ஏறும் வேகம் தணிந்தது, ஏற்றம் நிற்கவில்லை. மலைமேல் ஓடி ஏறியவன் நடந்து ஏறினால், அவன் கீழே இறங்கி வருகிறான் என்று சொல்வோமா?

கூலியிலும் இதே மயக்கம் உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 2023-24இல் 294 ரூபாய். 2024-25இல் 319 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். முதல் உயர்வு 25 ரூபாய், எட்டரை விழுக்காடு. அடுத்த உயர்வு 17 ரூபாய், ஐந்தேகால் விழுக்காட்டுக்குச் சற்று மேல். கூலி குறைந்தது என்று சொன்னால் தவறு. கூலி முன்போல் உயர்ந்தது என்று சொன்னாலும் தவறு. உயர்ந்தது, ஆனால் உயர்வு சுருங்கியது என்பதே சரி.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 336 ரூபாய் பெறுபவருக்கு ஐந்து விழுக்காடு கூட்டினால், கூடுவது 16 ரூபாய் 80 காசு. நாள் ஒன்றுக்கு 5000 ரூபாய் வருவாய் உள்ளவருக்கு அதே ஐந்து விழுக்காடு கூட்டினால், கூடுவது 250 ரூபாய். "இருவருக்கும் சமமாக ஐந்து விழுக்காடு" என்று சொல்லும்போது, செவிக்குச் சமநீதி போல ஒலிக்கிறது. ஆனால் இருவருக்கும் இடையே இருந்த இடைவெளி 4664 ரூபாயிலிருந்து 4897 ரூபாயாக விரிந்துவிட்டது. அரிசிக் கடையில் விழுக்காட்டுக்கு அரிசி அளக்கமாட்டார்கள், ரூபாய்க்குத்தான் அளப்பார்கள். சம விழுக்காடு என்பது சமமான உயர்வு அன்று.

அகவிலைப்படியையும் இப்படியே பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்க்கு 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 55 விழுக்காட்டிலிருந்து 58 ஆயிற்று. "மூன்று விழுக்காடு சம்பள உயர்வு" என்று தெருவிலே பேச்சு. மூன்று என்பது எதில் மூன்று? அடிப்படைச் சம்பளத்தில் மூன்று. அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்றால், அகவிலைப்படியோடு சேர்த்து 31,000 ரூபாய் வாங்கியவர் இனி 31,600 வாங்குவார். கைக்கு வருவதில் உயர்வு நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. மூன்றும் சரி, இரண்டும் சரி. நூறு எது என்பதுதான் வேறு. இதை அறியாமல் அண்டை வீட்டார் ஊழியர் மீது பொறாமை கொள்வதும், ஊழியர் தம் சம்பளச் சீட்டைப் பார்த்து ஏமாற்றம் கொள்வதும் தேவையில்லாதவை.

மடங்கு என்ற சொல்லும் நம்மை மயக்குகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு நகர்ப்புறச் சொத்துவரியை உயர்த்த ஆணையிட்டது. குடியிருப்புக் கட்டடத்தின் பரப்புக்கும் இடத்துக்கும் ஏற்ப உயர்வு 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை இருந்தது. 150 விழுக்காடு உயர்வு என்றால் 1000 ரூபாய் வரி 1500 ஆகும் என்று எண்ணியவர் பலர். இல்லை, 1500 ரூபாய் கூடுகிறது, ஆகவே வரி 2500 ரூபாய். நூறு விழுக்காடு உயர்ந்தால் இரு மடங்கு. நூற்றைம்பது உயர்ந்தால் இரண்டரை மடங்கு. இருநூறு உயர்ந்தால் மும்மடங்கு. "150 விழுக்காடு ஆயிற்று" என்பது வேறு. "150 விழுக்காடு உயர்ந்தது" என்பது வேறு. ஒரு வினைச்சொல் மாறினால் ஆயிரம் ரூபாய் மாறுகிறது. தமிழைக் கவனமாகப் பேசவேண்டும் என்று நாம் சொல்வது இலக்கிய அழகுக்காக மட்டுமல்ல!

இத்தனையும் எதற்காகச் சொன்னேன்? வீட்டுக் கணக்கில் பழகிய கண்ணோடு நாட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. மத்திய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்பதைப் பரிந்துரைக்க, அரசியல் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி நிதிக்குழு அமைக்கப்படுகிறது. விஜய் கேல்கர் தலைமையிலான 13ஆவது நிதிக்குழு, 2010 முதல் 2015 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, பகிரத்தக்க வரித்தொகுப்பில் 32 விழுக்காட்டை மாநிலங்களுக்கு என்றது. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது நிதிக்குழு, 2015 முதல் 2020 வரைக்கு 42 விழுக்காடு என்றது. "பத்து விழுக்காடு உயர்வு" என்று அன்று பேசப்பட்டது. இப்போது உங்களுக்கே தெரியும்: அது பத்துப் புள்ளி உயர்வு, விழுக்காட்டில் சொன்னால் 31.25 உயர்வு. உண்மையிலேயே பெரிய உயர்வு. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தமிழகத்துக்கு வந்தது எவ்வளவு? மாநிலங்களுக்கு ஒதுக்கியதைத் தமக்குள் பங்கிடும்போது, 13ஆவது நிதிக்குழு தமிழகத்துக்குத் தந்த பங்கு 4.969 விழுக்காடு. 14ஆவது நிதிக்குழு தந்தது 4.023 விழுக்காடு. "ஒரு விழுக்காடுகூடக் குறையவில்லையே, இதற்கா இத்தனை முறையீடு?" என்று கேட்டவர் உண்டு. வட்டிக்காரரின் "ஒரு ரூபாய்தானே" நினைவுக்கு வருகிறதா? குறைந்தது ஒரு புள்ளிக்கும் குறைவு. ஆனால் ஐந்தில் ஒன்றை ஒட்டிய பங்கு, நூற்றுக்குப் பத்தொன்பது, போயிற்று!

ரூபாயில் பார்ப்போம். பகிரத்தக்க தொகுப்பில் 10,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் மாநிலங்கள் அனைத்துக்கும் 3200 ரூபாய். அதில் தமிழகத்துக்கு 159 ரூபாய். புதிய கணக்கில் மாநிலங்கள் அனைத்துக்கும் 4200 ரூபாய். அதில் தமிழகத்துக்கு 169 ரூபாய். மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து 31 விழுக்காடு மேலேறியபோது, தமிழகம் ஏறியது ஆறேகால் விழுக்காடு. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரைக்கு மாநிலங்களின் பங்கை 41 என்றும், அதில் தமிழகத்தின் பங்கை 4.079 என்றும் வைத்தது. அதே 10,000 ரூபாயில் தமிழகத்துக்கு 167 ரூபாய்.

நேர்மையாகப் பேசுவோம். "தமிழகத்துக்கு வந்த தொகை குறைந்துவிட்டது" என்று எவரேனும் சொன்னால் அது தவறு. தொகுப்பே வளர்ந்ததால் தொகையும் வளர்ந்தது. "தொகை வளர்ந்தது, ஆகவே குறையொன்றுமில்லை" என்று எவரேனும் சொன்னால் அதுவும் தவறு. பங்கு சுருங்கியது. தொகை வளர்வது ஒன்று, பங்கு வளர்வது வேறொன்று. பந்தியில் இலை பெரிதாயிற்று என்பதால் எல்லாருக்கும் சோறு ஒரே அளவில் விழுந்தது என்று ஆகிவிடாது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகத் தருவது நியாயமே. எவ்வளவு கூடுதல், எந்த அளவுகோலால் என்பதே வழக்கு. அந்த வழக்கை நடத்த வேண்டுமானால், முதலில் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதுதான் இவ்வுரையின் உயிர்க்கேள்வி. 42 என்றார்கள், 41 என்றார்கள், எந்த நூற்றில்? மத்திய அரசு திரட்டும் வரி முழுவதிலும் அன்று, தோழர்களே! பகிரத்தக்க தொகுப்பில். அரசியல் சட்டத்தின் 270ஆம் பிரிவின்படி, மேல்வரியும் தனித்தீர்வையும் அந்தத் தொகுப்புக்குள் வருவதில்லை. அவை எந்த அளவுக்கு மிகுகின்றனவோ, அந்த அளவுக்கு மொத்த வரியில் மாநிலங்களின் உண்மைப் பங்கு 41க்கும் 42க்கும் கீழே இறங்குகிறது. 42 என்ற எண்ணில் ஒரு புள்ளியும் குறைக்க வேண்டியதில்லை. அந்த எண் நிற்கும் நூற்றைச் சுருக்கினால் போதும். விழுக்காடு அசையாமல் நிற்கும், பங்கு கரைந்துகொண்டிருக்கும். கொய்யாப் பெட்டியில் நீங்கள் கண்டது இதுவே அல்லவா?

மாற்றார் மேடையை மட்டும் குறைகூற நான் வரவில்லை. நம் மேடையையும் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நான்கு வாக்குப் பெற்ற கட்சி அடுத்த தேர்தலில் ஆறு பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கட்சிக்காரர் "ஐம்பது விழுக்காடு வளர்ந்துவிட்டோம்" என்று முரசறைகிறார். எதிர்க்கட்சிக்காரர் "இரண்டே புள்ளி" என்று எள்ளுகிறார். இரண்டும் உண்மை; இரண்டும் பாதி உண்மை. நூறு பேரில் நால்வர் அறுவரானார்கள் என்று சொன்னால் கேட்பவருக்கு முழுதும் விளங்கும். ஆனால் கைத்தட்டல் குறையும். கைத்தட்டலுக்காக விளக்கத்தைப் பலியிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. பிறர் செய்தால் புரட்டு, நாம் செய்தால் புள்ளிவிவரம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் பேச்சாளர் இப்படிப் பேசினாலும், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து "எந்த நூறு, ஐயா?" என்று கேட்க வேண்டும். கேட்டவரை உட்காரச் சொல்லாமல், பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் ஒப்படைப்பது மூன்று கேள்விகள். இங்கே அமர்ந்து கேட்ட உங்களிடம் மட்டுமல்ல, இதழிலே இதைப் படிக்கும் உங்களிடமும் ஒப்படைக்கிறேன். உயர்வு என்று எவர் சொன்னாலும், குறைப்பு என்று எவர் சொன்னாலும், முதலில் கேளுங்கள்: எந்த நூற்றில்? அடுத்துக் கேளுங்கள்: புள்ளியா, விழுக்காடா? மூன்றாவதாகக் கேளுங்கள்: ரூபாயில் எவ்வளவு? இந்த மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய அறிவிப்பு நேர்மையான அறிவிப்பு. விடை சொல்லத் தயங்கும் அறிவிப்பு, அலங்காரமாக இருக்கலாம், கணக்காக இராது.

மரத்தடியில் பயிலும் இளந்தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வில் விழுக்காட்டுக் கணக்குக்கு விடை எழுதி மதிப்பெண் பெறுங்கள், மகிழ்கிறோம். வீட்டுக்குப் போனதும் அதே கணக்கை உங்கள் தந்தையின் விற்பனைச் சீட்டிலும், தாயின் வட்டிக் கணக்கிலும் போட்டுக் காட்டுங்கள். நாளை அரசு அலுவலகத்தில் அமரும்போது, மக்களுக்கு விடுக்கும் அறிவிப்பில் "நூற்றுக்கு இத்தனை" என்று மட்டும் எழுதாமல், பழைய தொகை இவ்வளவு, புதிய தொகை இவ்வளவு என்றும் சேர்த்து எழுதுங்கள். இரண்டே வரிதான் கூடும். அந்த இரண்டு வரி, எழுத்தறிந்த ஏழை ஒருவரை ஏமாற்றத்திலிருந்து காக்கும்.

கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் கைநாட்டு என்று ஏளனம் செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களே, எண்ணைக் கேட்டுத் தலையாட்டிக் கைநாட்டு வைக்கிறோம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், எண்ணை எதிர்த்துக் கேட்கவும் கற்றுக்கொள்வோம்.

கேட்போம், தோழர்களே: எந்த நூறு?